இவர் எடை எழுபத்தொன்று

“ஆறே வாரம்! மேனேஜரைக் கயிறு மாதிரி ஆக்கிக் காட்டறேன்” என்று என் கணவர் ஃபிரிட்ஜ் கதவில் அடித்துச் சபதம் செய்தபோது நான் சமையலறைக் குழாயை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். இவர் சபதம் என்றாலே எனக்குப் பயம். போன சபதத்தில் சமையலறைக் குழாய் கையோடு வந்துவிட்டது.

மேனேஜர் என்பது எங்கள் நாய். தொந்தியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போய்ப் பார்ப்பான். ஒரு வேலையும் செய்யமாட்டான். பெருமூச்சு விட்டுவிட்டு உட்காருவான். வேறென்ன பெயர் வைப்பது? முப்பத்துநாலு கிலோ. அது போதாதென்று அரிப்பு. காது, காலிடுக்கு, வாலடி என்று சொறிந்து சொறிந்து முடி கொட்டித் திட்டுத் திட்டாக நின்றான்.

நாய் டாக்டரம்மா அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கோழியும் கோதுமையும் இவனுக்கு ஒத்துக்கலேன்னு நினைக்கறேன். ரெண்டையும் அடியோட நிறுத்துங்க. எடை வேற ரொம்ப ஜாஸ்தி. மூட்டு இப்பவே தேயுது. இப்படியே போனா இதயம் தாங்காது.”

இதயம் என்ற சொல்லுக்குப் பிறகு என் காதில் எதுவும் ஏறவில்லை. நான் பயந்தாங்கொள்ளி. ஒன்பது மாதக் குழந்தை மத்தியானம் தூங்கினால் மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அப்படியே குனிந்து கட்டிலடியில் கிடக்கும் மேனேஜருக்கும் ஒரு தடவை பார்ப்பேன்.

அலர்ஜி நாய்களுக்கென்றே விற்கிற தீனி மூட்டையை டாக்டரம்மா காட்டினார். விலைச்சீட்டைப் பார்த்ததும் முதலில் இளைத்தது இவர் முகம்தான்.

“இதை வாங்கினா இவன் சாப்பிடுவான். நாம வேடிக்கை பார்க்கலாம்” என்றார்.

டாக்டரம்மா நல்லவர். சிரித்துவிட்டு வேறு சீட்டு எழுதினார். மலிவாகக் கிடைக்கிற ஒரே வகை மீன், பூசணி, பீன்ஸ், கொஞ்சம் சோறு, மேலே ஒரு சிட்டிகை சத்துப் பொடி. எல்லாம் கிராம் கணக்கு. “மிச்சம் மீதி, பிஸ்கட், ரஸ்க், ஒரு துணுக்கு போகக் கூடாது. ஆறு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க.”

வெளியே வந்ததும் இவர் குரலைத் தாழ்த்தினார். “இதோ பாரு. ஆறு வாரத்துல எடை ஏறித்துன்னா எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதான். அங்கே தோட்டம் இருக்கு. ஓடுவான், இளைப்பான். குழந்தை இருக்கற வீட்ல சொறி நாய் எதுக்குன்னு அக்காவும் கேட்டுட்டே இருக்கா.”

நான் மேனேஜரின் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வயிற்றில் குழந்தையோடு நான் மூன்று மாதம் படுத்தே கிடந்தபோது என் பாதத்தின்மேல் தலை வைத்துக் கிடந்தவன் அவன். இப்போது குழந்தை எழுந்து நிற்கப் பழகுவதே அவன் முதுகு மடிப்பைப் பிடித்துத்தான். அவன் போய்விட்டால் நான் பயப்படும்போது யார் முகத்தைப் பார்ப்பேன்?

இவர் லிஃப்ட் மெக்கானிக். “எடையைப் பத்தி எனக்கா சொல்லித் தர்றே? தினம் நான் தூக்கி இறக்கறதே எடைதான்” என்றார். கட்டளைகள் பிறந்தன. குழந்தை சாப்பிடும்போது மேனேஜர் கதவுக்கு அந்தப் பக்கம். தட்டில் இருந்து தரைக்கு ஒரு பருக்கை போகக் கூடாது. குப்பைக் கூடைக்கும் போகக் கூடாது, அவன் கவிழ்த்துவிடுவான்.

“அப்போ மிச்சம் எங்கேங்க போகும்?”

“மிச்சத்துக்கு நான் பொறுப்பு” என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

தியாகி. குழந்தை துப்பிய கூழ், நனைந்த ரஸ்க், நான் வைத்துவிட்ட அரைத் தட்டு எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். எனக்குக் கண் கலங்கியது.

அடுத்தது எடை போடுவது. குளியலறை எடை மெஷினில் மேனேஜர் நிற்கமாட்டான். மெஷினைப் பார்த்தாலே படுத்துவிடுவான். அதனால் இவர் அவனை அள்ளித் தூக்கிக்கொண்டு ஏறுவார். வருகிற எண்ணில் தன் எடையைக் கழிப்பார்.

“உங்க எடை எவ்வளவுங்க?”

“எழுபத்தொண்ணு. கல்யாணத்தன்னிக்கும் எழுபத்தொண்ணு, இன்னிக்கும் எழுபத்தொண்ணு. எழுது! உன் கான்வென்ட் கையெழுத்துல அழகா எழுது.”

ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளில் அழகாக எழுதினேன். முதல் ஞாயிறு முப்பத்துநாலு. இரண்டாவது ஞாயிறு முப்பத்துநாலரை.

“மெஷின் அட்ஜஸ்ட் ஆகுது” என்றார்.

மூன்றாவது ஞாயிறு முப்பத்தஞ்சு. என் கையெழுத்து ஆட ஆரம்பித்தது. நாலாவதும் முப்பத்தஞ்சு. இவர் விசாரணைக் கமிஷன் ஆரம்பித்துவிட்டார்.

“உண்மையைச் சொல்லு. நீ ஏதாவது போடறியா?”

“நானா? பீன்ஸைக்கூட எண்ணித்தாங்க போடறேன்!”

“உன் கை தாராளக் கை.”

“அந்தத் தாராளக் கைதான் உங்க தட்டுலயும் போடுது.”

“அதை விடு” என்று கீழ்வீட்டு டெய்லர் அக்காவைப் பிடிக்கப் போனார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

“அக்கா, எங்க மேனேஜருக்கு ஏதாவது போட்டீங்களா?”

அக்கா தையல் மெஷினை நிறுத்தவில்லை. “எங்கிட்ட நூலும் பட்டனும்தான் தம்பி இருக்கு. அதைத் தின்னாலும் இப்படிப் பெருக்காதே. ஆமா, உங்க அந்த...”

“சரி சரி, வர்றேங்க்கா!” என்று இவர் இரண்டிரண்டு படியாக ஏறி மறைந்துவிட்டார்.

ஐந்தாவது ஞாயிறு முப்பத்தஞ்சரை.

இவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். “அக்கா... ஆமா, அடுத்த வாரம்... பழைய போர்வை போதும் அவனுக்கு” என்று கேட்டது. பாவம், அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. குழந்தை மேனேஜரைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் அவன் கழுத்துப் பட்டையைத் தடவினேன். தடவியவள் திடுக்கிட்டேன். பட்டை தொளதொளவென்று ஆடியது. உடம்பு இளைக்கிறது, எடை ஏறுகிறது! அப்படியென்றால் வயிற்றில் நீர் கோத்துவிட்டதா? இதயம் போய்விட்டதா?

ஒரு இடுப்பில் குழந்தை, ஒரு கையில் மேனேஜரின் கழுத்துப் பட்டை, கண்ணெல்லாம் தண்ணீர். கீழே டெய்லர் அக்கா வீட்டுக் கதவைக் காலால் தட்டினேன்.

“அக்கா, இவன் செத்துப் போயிடுவான்க்கா!”

“முதல்ல மூச்சு விடும்மா. நீ போயிடப் போறே.”

சொறியாமல் இருக்க மேனேஜருக்கு ஐந்து வாரம் முன்னால் அக்கா ஒரு பருத்திச் சட்டை தைத்துக் கொடுத்திருந்தார். அந்த அளவு நோட்டை எடுத்தார். டேப்பை அவன் மார்பைச் சுற்றிப் போட்டார்.

“அன்னிக்கு முப்பத்தாறு இஞ்ச். இன்னிக்கு முப்பத்துமூணு. வயிறும் ரெண்டரை இஞ்ச் குறைஞ்சிருக்கு. நீர் கோத்தா வயிறு குறையுமாம்மா? முடிகூட முளைச்சிருக்கு பாரு. நல்லா இளைச்சிருக்கான் உன் மேனேஜர்.”

“மெஷின் ஏறுதேக்கா?”

“மெஷின்ல யார் யார் ஏறறாங்க?”

“இவனும் அவரும்.”

அக்கா என்னைப் பார்த்தார். நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். “‘யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா’ன்னு தம்பி கேட்டுக்கிட்டார். நான் சொல்லலே. நீயே படிச்சுக்கோ.”

படித்தேன். பேன்ட் இரண்டு. இடுப்பு பிரித்துவிட வேண்டும். பத்து நாள் கழித்து மறுபடி, அதே பேன்ட் இரண்டு.

அழுகை நின்றது. ஐந்து வருஷமாக மேஜைக்கு அடியில் இவர் கை போய்ப் போய் வந்தது நினைவுக்கு வந்தது. இவர் தட்டில் பாதியை மேனேஜர் தின்றிருக்கிறான். அந்த எழுபத்தொன்று இவர் உடம்பு இல்லை, மேனேஜர் செய்த உபகாரம்! இப்போது தன் பங்கு, அவன் பங்கு, குழந்தையின் பங்கு, என் பங்கு எல்லாம் ஒரே பேன்ட்டுக்குள் இறங்குகிறது.

மேலே போனேன்.

“என்னங்க, அனுப்பறதுக்கு முன்னாடி கடைசியா ஒரே ஒரு தடவை எடை போட்டுடுங்க, ப்ளீஸ்.”

சோகமாக அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினார். நூற்றாறரை.

“பார்த்தியா? அதே முப்பத்தஞ்சரை.”

“இப்போ அவனை இறக்கி விடுங்க. நீங்க இறங்காதீங்க.”

“எதுக்கு?”

“சும்மா.”

“பேட்டரி வீக்கா இருக்கு.”

“காலையிலதானே புதுசு போட்டீங்க.”

“லுங்கி கனம்.”

“கிலோக் கணக்கிலா லுங்கி நெய்யறாங்க? இறக்கி விடுங்க!”

மேனேஜர் இறங்கினான். பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணைப் பார்த்தான். எழுபத்தஞ்சு. நான் ஃபிரிட்ஜ் தாளில் கழித்து எழுதினேன். நாய் முப்பத்தொன்றரை. இரண்டரை கிலோ இறக்கம். இந்தத் தடவை கை ஆடவே இல்லை.

“உங்க எட்டுப் பேர் லிஃப்ட்ல இவ்வளவு நாளா எடை ஜாஸ்தின்னு பஸர் அடிக்கலையாங்க?”

இவர் மெஷினிலிருந்து மெதுவாக இறங்கினார்.

“எடை ஏறினவங்களை உங்க அக்கா வீட்டுக்கு அனுப்பணும்னுதானே சொன்னீங்க? அந்தப் பழைய போர்வை போதுமா, தலையணையும் வைக்கட்டுமா?”

அன்றிலிருந்து இவருக்கும் பூசணி, பீன்ஸ், கிராம் கணக்கு. ஆறாவது வாரம் டாக்டரம்மா மேனேஜரின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். “யார் இவ்வளவு கறாரா பார்த்துக்கிட்டது?” என்றார். இவர் என்னைக் கைகாட்டிவிட்டு இடுப்புப் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மேனேஜர் எங்கேயும் போகவில்லை. போர்வை மடித்தபடி அலமாரிக்குத் திரும்பியது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மிச்சம் மட்டும் தினமும் மிஞ்சுகிறது. மேனேஜருக்குக் கூடாது, இவருக்கும் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது.

நேற்று மத்தியானம் என் நல்ல உடுப்பு ஒன்றைப் பைக்குள் மறைத்துக்கொண்டு டெய்லர் அக்காவிடம் போய், “கொஞ்சம் பிரிச்சு விடணும்க்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றேன்.

“உங்க வீட்ல எல்லாரும் இதையேதாம்மா சொல்றீங்க” என்று அக்கா டேப்பை எடுத்தார். “கையைத் தூக்கு. நீ வருவேன்னு தம்பி காலையிலேயே சொல்லிட்டுப் போனார்.”