துரைசானிக்கு நான் சூட்டிய கிரேக்கப் பட்டம்

ஆங்கிலம் தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. அரைகுறையாகத் தெரிந்தவனிடம்தான் மைக்கைக் கொடுக்கக் கூடாது. எழுபதுகளின் தொடக்கத்தில், மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்த என்னிடம் கொடுத்தார்கள்.

கொடுத்தவர் பெரிய கிராணி. தன் மகள் புஷ்பாவை எனக்குத் தரலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த காலம் அது.

"தொரை சீமைக்குப் போறாரு. பிரியாவிடையில நீதான் இங்கிலீசுல பேசணும் தம்பி. நல்லாப் பேசு, மத்ததப் பெறகு பாத்துக்கலாம்." (மற்றது என்பது புஷ்பா.)

துரைசானிக்கு, அதாவது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் மனைவிக்கு, மலையில் யாரும் கேட்டிராத ஓர் அடைமொழி தேடி ஆபீசின் பெரிய ஆங்கில-தமிழ் அகராதியைப் புரட்டினேன். 'காலிபிஜியன்' அகப்பட்டது. 'அழகிய' என்று பொருள் தொடங்கியதும் பக்கம் முடிந்துவிட்டது. ஒரு பெண்ணைப் பற்றி இதற்குமேல் என்ன வேண்டும் என்று மூடிவிட்டேன்.

விழாவில் நெஞ்சை நிமிர்த்தி, "எங்கள் காலிபிஜியன் சீமாட்டியே" என்று ஆங்கிலத்தில் மூச்சுக்கொரு தரம் முழங்கினேன். துரை தேநீரைச் சட்டையில் சிந்திக்கொண்டார். துரைசானி மெல்லத் திரும்பித் தன் நாற்காலியைப் பார்த்தார். சனங்கள் கைதட்டினார்கள், புஷ்பாவும் தட்டினாள். எனக்குக் கல்யாணமே முடிந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை பெரிய கிராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதே அகராதியைப் பிரித்தார். பக்கத்தையும் திருப்பினார். மிச்சம் அங்கே இருந்தது: 'பின்புறம் உடைய'. கிரேக்கத்தில் 'காலோஸ்' என்றால் அழகாம், 'பிஜி' என்றால் பின்புறமாம். ஏதோ ஒரு தேவதைச் சிலையை வர்ணிக்க வந்த சொல்லாம்.

"ஏன் தம்பி, இத்தன நாளா தொரைசானிய நீ எங்க பாத்துக்கிட்டு இருந்த?"

வேலை போனால் பக்கத்துத் தோட்டம் இருக்கிறது. புஷ்பா போனால் எனக்கு யாரும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத் துரைசானி விடைபெற ஆபீசுக்குள் வந்தார். என் முகத்தையும் விரித்த அகராதியையும் பார்த்துவிட்டுத் தோட்டத் தமிழில் சொன்னார்:

"பெரிய கிராணி, பையன ஏசாதீங்க லா. இத்தன வருசத்துல தொரைகூட என்னைய இப்பிடிச் சொன்னதில்ல."

வெளியே துரை காரின் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்.

தை மாதமே எங்கள் கல்யாணம் நடந்தது. இன்றும் புஷ்பா புதுச்சேலை கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றால், "அழகா இருக்கு" என்பேன். நான் வாயை மூடுவதற்குள் பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள்:

"எந்தப் பக்கம்ப்பா?"