துணி உலர்த்தும் மெஷினில் ஒரு மூட்டை மிளகாய்

வீட்டில் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டால், இன்னொருவர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசத் தொடங்கிவிடுவார். எங்கள் வீட்டில் அந்த இன்னொருவர் நான். (இப்போதும் நான்தான்.)

என் கணவர் முரளி, மருத்துவமனைத் துணிகளை வெளுத்துத் தரும் தொழிற்சாலையில் மெக்கானிக். அதை மூடியபோது பழைய இயந்திரங்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போயின. துணி உலர்த்தும் மெஷின் ஒன்றை மட்டும் இவர் கேட்டு வாங்கி, லிட்டில் இந்தியாவில் என் மசாலாக் கடையின் பின்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். அதன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வேலை தேடவில்லை. யாரிடமும் பேசவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அவரை அந்த ஸ்டூலிலிருந்து எழுப்பினால் போதும் என்று, "இதுல மிளகாய் காயவைக்கலாமாங்க? மழையில மூட்டையெல்லாம் பூசணம் பிடிக்குது" என்றேன்.

"ஃபில்டர் மாத்தணும். வேகத்தைக் குறைக்கணும்" என்றார்.

பல வாரங்களில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. அந்தச் சந்தோஷத்தில், என்ன சொன்னார் என்பது என் காதில் ஏறவில்லை.

மறுநாள் மதியம் அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பக்கத்துக் கடைக்காரர்களை அழைத்தேன். பழைய இயந்திரங்களுக்கு மறுவாழ்வு தருவது பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். பிறகு ஒரு மூட்டை மிளகாயை உள்ளே கொட்டிப் பொத்தானை அழுத்தினேன்.

மிளகாய் சுழன்று நொறுங்கியது. மெஷின் அந்தத் தூளைக் குழாய் வழியாகப் பின்சந்துக்கு ஊதித் தள்ளியது. அடுத்த வாசலில் இருந்த சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் இலையை விட்டு எழுந்து ஓடினார்கள். பூக்கடை மேகலா அக்கா, "என்னத்தப் போட்டே? கேஸ் லீக் ஆவுது லா!" என்று தும்மலுக்கு நடுவே கத்தினார். யாரோ தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டார்கள். (வந்தவர்களும் தும்மினார்கள்.)

முரளி ஓடிவந்து மெயின் சுவிட்சை அணைத்தார். தலை முதல் கால் வரை மிளகாய்த் தூள் படிந்து சிவப்பாக நின்ற என்னைப் பார்த்தார்.

"ஸாரிங்க" என்றேன்.

சிரிக்கத் தொடங்கினார். சிரித்தபடியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். தொழிற்சாலை மூடிய அன்றுகூட அவர் அழவில்லை. சந்து முழுவதும் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரமே அவர் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். இப்போது அந்த மெஷின் மெதுவாகச் சுழன்று கறிவேப்பிலை காயவைக்கிறது. மற்றக் கடைக்காரர்களும் தங்கள் பழைய மெஷின்களை மாற்றித் தரச் சொல்லி இவரைத் தேடி வருகிறார்கள்.

அன்று அழுததைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அது மிளகாய் நெடி" என்பார். அதனால் எங்கள் வீட்டில் யார் எதற்குக் கண்ணைக் கசக்கினாலும் ஒரே கேள்விதான். போன மாதம் மகளின் கல்யாண மேடையில் இவர் கைக்குட்டையை எடுத்தார். மாப்பிள்ளை மெல்லக் குனிந்து கேட்டார்:

"என்ன மாமா, மிளகாய் நெடியா?"