கடைசி வரி வரைக்கும் வாசிக்க வேண்டும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஓடுகிற லோடு வண்டிகளின் முகப்பு விளக்குக்கு வெளிச்சம் தருவது பேட்டரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தருவது வண்டி எலக்ட்ரீஷியன் ரிலே பாய். சூரியன் ஒரு நாள் லீவு போட்டால்கூட, பின்னால் இரண்டு ரிலேயை மாட்டி அவர் சமாளித்துவிடுவார் என்றுதான் எங்கள் பக்கத்து டிரைவர்கள் நம்புகிறார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். தபால்காரரே "ரிலே பாய்" என்று கூப்பிட்டுத்தான் கடிதத்தைக் கொடுப்பார். ராஜபாளையம் மெயின் ரோட்டை ஒட்டித் தகர ஷெட். பக்கத்தில், ஒரு காலத்தில் பேண்டேஜ் துணி அடுக்கி வைத்திருந்த பழைய குடோன். அந்தக் குடோனையும் சேர்த்து வாடகைக்குப் பிடித்திருந்தார். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

காய்ச்சல் பார்ப்பது போல வயரைப் பார்ப்பார். விளக்கைப் பத்து நிமிடம் எரியவிட்டு, வயரை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். லேசாகச் சுட்டாலும் "பிள்ளைக்கு உடம்பு சரியில்ல" என்று மொத்தத்தையும் பிரித்துவிடுவார். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவர், மேடையில் சீரியல் பல்பு மங்கலாக எரிவதைப் பார்த்துவிட்டார். இலையில் சோறு போட்டது போட்டபடி இருக்க, வயரைப் பிடித்துக்கொண்டே மேடைக்குப் பின்னால் போய்விட்டார். தாலி கட்டும்போது பல்புகள் ஜொலித்தன. அதற்கு முந்தைய கால் மணி நேர இருட்டில் மாப்பிள்ளை எங்கே இருக்கிறார் என்று பெண் வீட்டாருக்கே தெரியவில்லை.

கண் கூசும் வெள்ளை விளக்கு கேட்டு வருகிற இளவட்டங்களுக்கு அவரிடம் ஒரே வைத்தியம். அவன் வண்டிக்கு முன்னால் அவனையே நிறுத்தி, அவன் ஆசைப்பட்ட விளக்கைப் போடுவார். இரண்டு நிமிடம் கழித்து அவன் டீக்கடை பெஞ்சில் முட்டிக்கொண்டு நிற்கும்போது சொல்வார்: "எதுத்தாப்புல வாரவனுக்கும் வீடு வாசல் இருக்குடே."

இத்தனைக்கும் மேல் அவருக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. அவர் கட்டிய வயரிங்கில் இதுவரை பியூஸ் போனதில்லை. போனதாக யாராவது விளையாட்டுக்குச் சொன்னால், மூன்று நாள் அந்த ஆளோடு பேசமாட்டார்.

எங்கள் அய்யா கான்சாபுரம், பிளவக்கல் பக்கத்திலிருந்து தேங்காயும் கொய்யாவும் ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன்பே ராஜபாளையம் மார்க்கெட்டுக்குப் போகிறவர். பழைய பிக்கப் வண்டி. அதன் முகப்பு விளக்கைப் போட்டால், எரிகிறதா என்று பார்க்க இன்னொரு விளக்கு வேண்டும். ஒரு மார்கழி விடியலில் ஆட்டுக் கிடை ஒன்றுக்குள் வண்டியை விட்டு, மயிரிழையில் நிறுத்தினார். ஆட்டுக்காரர் திட்டியதைவிட எங்கம்மா திட்டியது அதிகம். மறுநாளே ரிலே பாயிடம் போனோம். நான் அப்போது கல்லூரியில் இயற்பியல் கடைசி வருடம். விடுமுறையில் வந்திருந்தேன்.

படித்ததைச் சொல்லாமல் இருக்க முடியாத வயது. மின்தடை, மின்னழுத்த வீழ்ச்சி என்று ஆரம்பித்தேன். பாய் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல அரைக் கிலோ பால்கோவா வாங்கி ஒருத்தன் கையில குடுத்து விடுதிய. அவன் இன்னொருத்தன்ட்ட, அவன் இன்னொருத்தன்ட்ட. ஆளுக்கு ஒரு விள்ளல் பிச்சுப் போட்டுக்கிட்டா, ராஜபாளையத்துக்கு என்ன வரும்?"

"டப்பா வரும்."

"அதான் உங்க லைட்டுக்கு வருது. பேட்டரில பன்னிரண்டு வோல்ட்டு கிளம்புது. சாவி, சுவிட்சு, நூல் மாதிரி வயருன்னு அம்புட்டுப் பேரும் தின்னது போக மிச்சம். ரிலே போட்டா, சுவிட்சு சேதி மட்டும் சொல்லும். பால்கோவா பேட்டரிலேருந்து நேரா லைட்டுக்குப் போயிரும்."

மூன்று வருடத்தில் என் பேராசிரியர்கள் யாரும் எனக்கு இவ்வளவு சுலபமாகச் சொல்லித் தந்ததில்லை.

சாயங்காலத்துக்குள் இரண்டு ரிலே, பேட்டரி பக்கத்திலேயே பியூஸ், தடித்த வயர் எல்லாம் ஏறிவிட்டன. அடுத்தது சோதனை. குடோன் அதற்குத்தான். பாய் ஒரு தடவை கண்ணாடி போடக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அங்கே சுவரில் எழுத்துகள் வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகிற பலகையைப் பார்த்ததிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. பேண்டேஜ் துணியில் அதேபோல ஒன்று எழுதிக் குடோன் கோடியில் மாட்டிவிட்டார். வண்டியை உள்ளே விட்டு ஷட்டரை இறக்குவார். பட்டப்பகலிலும் கும்மிருட்டு. வண்டிக்காரர் தன் சீட்டில் உட்கார்ந்தபடியே கடைசி வரி வரைக்கும் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்தால்தான் வண்டி வெளியே போகும்.

விளக்கு எரிந்தது. சுவரில் ஊர்ந்த எறும்புக்குக் கால் எத்தனை என்று பக்கத்துச் சீட்டிலிருந்த என்னால் எண்ண முடிந்தது.

"வாசிங்க அண்ணாச்சி."

அய்யா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் அந்தத் துணியையே பார்த்தார். பிறகு, "சரியாத் தெரியல பாய்" என்றார்.

அய்யாவுக்கு எழுத்து தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஆனால் இது லோடு வண்டி ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது. இருபது வருடமாக அவர் டீக்கடையில் பேப்பரை விரித்து, பக்கத்தில் இருப்பவர் பக்கத்தைப் புரட்டும்போது தானும் புரட்டுவார். என்ன சேதி என்று கேட்டால், "எல்லாம் வழக்கம்போலத்தான்" என்பார். அது எந்த நாளிலும் தப்பாகப் போனதே இல்லை.

நான் வாயைத் திறந்தேன். பாய் கையைக் காட்டி அமர்த்தினார். ஸ்டியரிங் பிடிக்கிற கண்ணுதான் சாட்சி சொல்ல வேண்டும், படித்த கண்ணெல்லாம் செல்லாது என்றார்.

எர்த் சரியில்லை என்று முடிவுகட்டி, வண்டியை நிறுத்திக்கொண்டு இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். போனோம். ஹோல்டர் மாறியிருந்தது, புது எர்த் வயர் இழுத்திருந்தது, முகப்பு விளக்கின் கண்ணாடியைத் திருநீறு போட்டுத் துலக்கியிருந்தார். வெளிச்சத்தில் எதிர்ச்சுவர் பெயர்ந்து விழுந்துவிடுமோ என்றிருந்தது. அய்யா மறுபடியும் தெரியவில்லை என்றார். பாய்க்கு அய்யா மேல் மரியாதை கூடிவிட்டது. மற்றவனெல்லாம் ஏற்கெனவே மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்துவிட்டுப் போயிருக்கிறான், தெரியாததைத் தெரியவில்லை என்று சொன்ன ஒரே மனுஷன் நீங்கள்தான் என்று அய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டியை விட்டுவிட்டு மறுநாள் வரச் சொன்னார், மறுபடியும் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது அய்யா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தத் துணியில என்னலே எழுதியிருக்கு?"

சொன்னேன். ஐந்து வரி. வத்திராயிருப்பு தாண்டும்போது இரண்டு வரி பாடமாகியிருந்தது. ராஜபாளையத்தில் இறங்கும்போது ஐந்தையும் உதட்டுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தார். கண்டக்டர் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருக்க வேண்டும். மீதிச் சில்லறையை மிகவும் பணிவாகக் கொடுத்தார்.

ஷெட்டில் பால் வேன் டிரைவர் ஒருவர் தன் முறைக்காக டயர் மேல் உட்கார்ந்திருந்தார். வேடிக்கை பார்க்க அவரும் குடோனுக்குள் வந்துவிட்டார். வாய் கொஞ்சம் நீளம். அவர் காதில் விழுந்தது அரை மணி நேரத்தில் ஸ்டாண்டுக்கு வந்துவிடும்.

ஷட்டர் இறங்கியது. பாய் பானெட் பக்கம் நின்று விளக்கைப் போடச் சொன்னார்.

துணி புதுசு.

மனப்பாடக்காரர்களை ஒழிக்க வேண்டுமென்று பாய் பழைய துணியைக் கழற்றி எறிந்துவிட்டார். ரோடு பற்றி எழுதினால் ஊகித்துவிடுவார்கள் என்று, வீட்டில் கேட்டுச் சமையல் குறிப்பு எழுதியிருந்தார். 'கத்தரிக்காயைக் காம்போடு நாலாக வகிர்ந்துகொள்' என்று முதல் வரி. நான் அதை வாசித்து முடிப்பதற்குள் அய்யா தொண்டையைச் செருமிவிட்டார். சுதந்திர தினத்தில் மைக் முன்னால் நிற்கிற பையனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து, கணீரென்று ஆரம்பித்தார்.

"மெதுவாகப் போ. வீட்டில் உன் பிள்ளை முழித்திருக்கிறது. குடித்திருந்தால் இறங்கிவிடு..."

பாய் துணியைப் பார்த்தார். அய்யாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அய்யா ஐந்து வரியையும் ஒரு எழுத்துப் பிசகாமல் முடித்தார். பால் வேன் டிரைவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தார்.

"ஏ பாய், அதுல என்னமோ கத்தரிக்கா..."

விளக்கு அணைந்தது. இருட்டென்றால் இருட்டு, பக்கத்தில் அய்யா இருப்பதுகூடத் தெரியாத இருட்டு. அதற்குள்ளிருந்து பாயின் குரல் மட்டும் வந்தது.

"கடைசி வரி வரைக்கும் சுத்தமா வாசிச்சிட்டிய அண்ணாச்சி. வண்டிய எடுத்துட்டுப் போங்க."

"என்ன பாய், லைட்டு என்னாச்சு?" என்றது பால் வேன் குரல்.

குடோன் கோடியில் துணி சரசரக்கும் சத்தம் கேட்டது.

"பியூஸ் போயிருச்சுடே."

ஷட்டர் ஏறியபோது சுவரில் துணி இல்லை. பாய் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். இன்னொரு கையில், பியூஸ் பெட்டியிலிருந்து பிடுங்கிய பியூஸ். அதில் கம்பி முழுசாக இருந்ததை நான் பார்த்தேன்.

ரிலே பாய் கட்டிய வண்டியில் பியூஸ் போன கதை சாயங்காலத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போய்விட்டது. டீக்கடையில் அவரை நேராகவே கேட்டுச் சிரித்தார்கள். மூன்று நாள் பேசாமல் இருக்கிற மனுஷன், "ஆமா, போச்சு" என்று டீயை ஊதிக் குடித்துவிட்டுப் போனாராம்.

அதற்குப் பிறகு குடோனில் எழுத்தே கிடையாது. படம்தான். பின்விளக்கில்லாத மாட்டு வண்டி, புல்லுக்கட்டோடு சைக்கிளில் போகிறவர், வேகத்தடை, ஓர் ஆடு. எல்லாம் பாயே வரைந்தது. ரோட்டில் குறுக்கே வருவது கத்தரிக்காய் இல்லையே என்று காரணம் சொல்லிக்கொள்கிறார். அந்த ஆட்டை நாய் என்று சொல்லி நிறைய டிரைவர்கள் தோற்றிருக்கிறார்கள். எங்கள் அய்யா மட்டும் பார்த்தவுடனேயே செம்மறி என்று சொன்னார்.

அன்று நடந்ததைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் லோடு கிடைக்கும்போதெல்லாம் அய்யா அரைக் கிலோ பால்கோவா வாங்குகிறார். நான் ராஜபாளையம்தான் போகிறேன், கொடுத்துவிடுகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். என் கையில் தருவதில்லை. தானே நேராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார்.