ரெண்டும் இருக்கு

"மா, நம்ம வீட்ல டிரையர் இருக்கா?"

ஸ்கூடாயில் மாமியார் வீட்டிலிருந்து மகள் வாசுகி போனில் இப்படிக் கேட்டபோது, பிரேமலா பாசிர் கூடாங் வீட்டின் பின்பக்கம் கணவரின் ஈரச் சீருடையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் துணி காயவைக்க இருந்த ஒரே ஏற்பாடு அந்தக் கொடிதான். ஒரு வாரமாக மழை விடாததால் அதுவும் வேலைநிறுத்தத்தில் இருந்தது.

"இருக்கே!" என்றாள் பிரேமலா.

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை, வாய் முந்திக்கொண்டது. வாசுகிக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்தும், தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருவதாக இன்னும் வாயைத் திறக்கவில்லை. சம்பந்தியம்மா வீட்டிலோ புத்தம்புது டிரையர் ஓடுகிறது. வளைகாப்புக்கு வந்தவர்களிடம் அந்த அம்மாள் மருமகளைக் காட்டியதைவிட டிரையரைக் காட்டியதுதான் அதிகம். பேரப்பிள்ளையின் துணி காயாது என்று மகள் அங்கேயே தங்கிவிட்டால் ஊர் என்ன சொல்லும்? ஊர் கிடக்கட்டும், பிரேமலாவுக்கே மனசு தாங்காது.

"எப்ப வாங்கினீங்க?" வாசுகியின் குரல் இறங்கியது. "கேஸா, கரண்டா?"

டிரையரில் அப்படி இரண்டு வகை இருப்பதே பிரேமலாவுக்கு அப்போதுதான் தெரியும். எதைச் சொன்னால் சம்பந்தியம்மாவை மிஞ்சலாம் என்றும் தெரியவில்லை.

"ரெண்டும் இருக்கு!"

"ரெண்டுமா? சரிமா... நான் யோசிச்சுச் சொல்றேன்."

யோசிக்கிறாளாம்! இரண்டு டிரையர் போதாதென்று யோசிக்கிறாளா, இல்லை பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாளா? பிரேமலா குழம்பிப்போய் உள்ளே ஓடினாள். இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த கணவர் சுகுமாறனை உலுக்கினாள்.

"என்னங்க, டிரையர் வாங்கணும். கேஸா, கரண்டா?"

"என் யூனிபார்ம் காஞ்சிருச்சா?"

"அதுக்கும் சேத்துத்தான் கேக்கறேன்."

"எதுல காயுதோ அத வாங்கு லா," என்று அவர் சுவர் பக்கம் புரண்டு படுத்தார்.

தெரிந்தவர்களைக் கேட்பதே உத்தமம் என்று தோன்றியது. பிரேமலாவின் தம்பி ராஜசேகரன் வயரிங் வேலை செய்பவன். அவனுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, கரண்ட் மட்டும் வேணவே வேணாம். உங்க வீட்டு வயரிங்க போட்டதே நான்தான, எனக்குத் தெரியாதா? தாங்காது. கேஸ் வாங்கு."

கேஸ் என்றால் கொழுந்தன் வசந்தன் இருக்கிறான். வீடு வீடாகக் கேஸ் தோங், அதாவது சிலிண்டர், போடுவதுதான் அவன் பிழைப்பு.

"அலமாக்! கேஸா அண்ணி? தெனம் தோங்கத் தோள்ல தூக்கறவன் சொல்றேன், வேணாம். என் வீட்ல கொழம்பு வெக்கிறதே கரண்ட் அடுப்புலதான்."

கரண்டுக்காரன் கேஸ் என்கிறான், கேஸ்காரன் கரண்ட் என்கிறான். தொழில் தெரிந்தவன் பேச்சைக் கேட்டால் சமையலைக்கூட விறகில்தான் செய்ய வேண்டும் போலிருந்தது. பிரேமலா தலையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரிடமும் தனித்தனியாக, "ஏதோ நீ பாத்துச் செய்யிப்பா," என்று சொல்லிவைத்தாள்.

இரண்டு பேரும் பார்த்துச் செய்துவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை வாசலில் இரண்டு லோரிகள் வந்து நின்றன. ஒன்றில் ராஜசேகரன் கேஸ் டிரையரோடு. இன்னொன்றில் வசந்தன் கரண்ட் டிரையரோடு. எதைத் திருப்பி அனுப்புவது? தம்பியை அனுப்பினால் பிறந்த வீட்டுப் பகை, கொழுந்தனை அனுப்பினால் புகுந்த வீட்டுப் பகை. இருதலைக் கொள்ளி எறும்பாக நின்ற பிரேமலா, "ரெண்டையும் எறக்குங்க," என்றாள். மகளிடம் சொன்ன சொல்லாவது உண்மையாகட்டும்.

கேஸ் டிரையரைப் பின்பக்கக் கூரையடியில் நிறுத்திய ராஜசேகரன், "பிளக் எங்கக்கா?" என்றான்.

"கேஸ்ல ஓடறதுக்கு எதுக்குடா பிளக்?"

"சூட்டுக்குத்தான் கேஸ். சுத்தறதுக்குக் கரண்ட் வேணும்ல?"

"அப்ப அது கேஸா, கரண்டா?"

"ரெண்டும்தான்."

பிரேமலா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே மெஷினில் அவள் வாக்கு பலித்திருக்கிறது. அதற்குள் வசந்தனோ இரண்டாவதை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டான். சமையலறை பிளக் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது, ஆகாது என்றான். வாசுகிக்காக ஒழித்து வைத்திருந்த அறையில்தான் தோதான பிளக் இருந்தது. தொட்டில் கூடத்துக்குப் போனது, டிரையர் கட்டிலுக்குத் தலைமாட்டில் உட்கார்ந்தது.

பின்பக்கம் கொடி இடித்தது. ராஜசேகரன் அதை அறுத்துவிட்டான். அதில் தொங்கிய சீருடை நேராக லோங்காங்கில் விழுந்து, சாக்கடைத் தண்ணீரோடு பக்கத்து வீட்டுப் பக்கம் பயணப்பட்டது. தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்த சுகுமாறன் அதைப் பார்த்தார், இரண்டு டிரையர்களையும் பார்த்தார்.

"ரெண்டு மெஷின் இருக்கு, நான் எதப் போட்டுட்டு வேலைக்குப் போறது?"

அதற்குள் இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்தார்கள், வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

"நான்தான் அப்பவே சொன்னேனே, வயரிங் தாங்காதுன்னு," என்றான் ராஜசேகரன், தன் கைவேலையை மெச்சிக்கொள்வதுபோல்.

மறுநாள் மருமகன் ரூபேந்திரன் தனியாக வந்தான். வாசுகி அனுப்பியிருக்கிறாள், வீட்டைப் பார்த்துவரச் சொல்லி! மறுபடி கரண்ட் போகாமலிருக்கப் பிரேமலா பிரிட்ஜ், பேன், டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கையில் கிடைத்த துணிகளைத் துணிக்குப் போடும் மல்லிகை வாசனைத் தண்ணீரில் முக்கி, இரண்டு டிரையர்களிலும் திணித்து ஓடவிட்டாள். கூடத்தில் காற்றில்லை. வெந்நீர் போட்ட அறைபோலப் புழுங்கியது. மல்லிகை வாசம் வாசல்வரை வீசியது.

ரூபேந்திரன் வியர்த்து வழிய எழுந்து, வாசுகியின் அறையை எட்டிப் பார்த்தான். தலைமாட்டில் டிரையர் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவன் முகம் வெளுத்தது. பின்பக்கம் போனான். அங்கே இன்னொன்று.

"நெசமாவே ரெண்டு இருக்கா?"

"நான் என்ன பொய்யா சொல்வேன், மாப்பிள்ளை?"

"பின்னாடி ஒரு கொடி இருக்குமே, அத்தை?"

"அந்தக் கருமத்தையெல்லாம் அறுத்துப் போட்டாச்சு!"

ரூபேந்திரன் பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சில் பிரேமலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னும் என்ன கொறை, சொல்லுங்க மாப்பிள்ளை. வேணும்னா மூணாவது ஒண்ணுகூட வாங்கறேன். தலைப்பிரசவத்துக்கு எம்பொண்ணு எங்கிட்ட வரணும். வேற எதுவும் எனக்கு வேணாம்."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இரண்டு டிரையர்களும் உறுமி நின்றன. மல்லிகை வாசம் மட்டும் நின்றபாடில்லை. ரூபேந்திரன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னான்.

"எங்கம்மா டிரையரப் போட்டா அந்தச் சுடுதுணி வாசத்துக்கே வாசுகிக்கு வாந்தி வந்துருது, அத்தை. இங்க டிரையர் இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னைக்கே பொட்டியத் தூக்கிட்டு வந்திருப்பா."