சொல்லாமல் விட்ட பெயர்

ஒரு கொலைகாரனின் பெயரை ஊருக்குச் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டிருக்க அந்த வாரப் பத்திரிகை கொடுத்த விலை, ஒரு ஜோடி செருப்பு வாங்கினால் தீர்ந்துபோகும். ரகசியம் என்பது எந்தத் தராசிலும் நிற்காத சரக்கு. அதை இவ்வளவு மலிவாகப் போட்டுவிட்டு, பேரம் படிந்த சந்தோஷத்தில் வீடு திரும்பியவர் விமர்சகர் ஒருவர்தான். இப்போது அந்தச் செருப்புக் காசுக்கும் ஆபத்து வந்திருந்தது.

"மாப்ளே, சமையல்காரன்தானே?" என்று தொலைபேசியில் கேட்டார் மனைவியின் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. விமர்சகரின் உதட்டோரத்தில் பற்பசை நுரை இன்னும் காயவில்லை.

"எந்தச் சமையல்காரன், மச்சான்?"

"தீவு பங்களாவுல அந்தப் பெரிய மனுஷனைக் கொன்னவன். இன்னிக்குப் பத்திரிகையில நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"ஐயையோ! நான் சமையல்காரன்னு ஒரு வார்த்தை எழுதலையே!"

"அதைத்தான் நானும் சொல்றேன். பங்களாவுல ஏழு பேர்னு எழுதிட்டு ஆறு பேரைப் பத்தி மட்டும் விலாவாரியா சொல்லியிருக்கீங்க. தினமும் விருந்துன்னு வேற போட்டிருக்கீங்க. சமைச்சது யாரு? பேயா?"

கைவிலங்கோடு தலைகுனிந்து நின்ற சமையல்காரன் விமர்சகரின் கண்முன் வந்து போனான். நுரையை விழுங்கிவிட்டார்.

வார நாட்களில் அவர் பெயின்ட் கடையில் நிறம் கலப்பவர். இருபது வருடங்களாக வாடிக்கையாளர்கள் அவரிடம் கேட்டதெல்லாம் "காயறதுக்கு எவ்வளவு நேரமாகும்?" என்ற ஒரே கேள்விதான். 'முடிவை மட்டும் கேட்காதீங்க' என்ற பத்தி தொடங்கிய பிறகுதான் அவருடைய அபிப்பிராயத்துக்கும் ஒரு மரியாதை வந்தது. மர்மம், மாயாஜாலம், பேய் என்று எந்த நாவலானாலும், கடைக்கு வருவதற்கு முன்பே பதிப்பகத்திலிருந்து தைத்த பிரதி ஒன்று அவருக்கு வந்துவிடும். முடிவைச் சொல்லாமல் சுவையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. புகைப்படத்தோடு வந்த முதல் பத்தியை மனைவி கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தாள். கடை முதலாளிகூட ஒருநாள் "எழுத்தாளர் சார், அந்தத் தகரத்தைக் கொஞ்சம் நகர்த்துங்க" என்றார்.

மறுநாள் பத்திரிகை ஆசிரியர் அழைத்தார்.

"என்னய்யா, கொலைகாரனைக் கையில பிடிச்சுக் கொடுத்துட்டியாமே? புகார் கடிதம் குவியுது."

"சார், நான் அவன் பேரையே எடுக்கல."

"அவன் பேரை மட்டும்தான் எடுக்கல. அடுத்த தடவை பார்த்து எழுது. புகார் நிக்கலைன்னா அந்த இடத்துல குறுக்கெழுத்துப் போட்டி போட்டுடுவேன். அதுல விடை மறுவாரம்தான் தெரியும்."

அடுத்த வாரம் பேய்க்கதை. ஓர் ஆஸ்பத்திரிக்குள் பேயை உள்ளே விட்டது யார் என்பதுதான் முடிச்சு. விமர்சகர் உஷாராகிவிட்டார். காவலாளி முதல் கம்பவுண்டர் வரை ஒருவர் விடாமல் எழுதினார். யாரையும் சொல்லாமல் விட்டால்தானே மாட்டிக்கொள்வோம்?

ஞாயிறன்று பல் தேய்ப்பதற்கு முன்பே தொலைபேசி அடித்தது.

"டாக்டர்தானே மாப்ளே?"

"எல்லாரையும்தானே எழுதியிருக்கேன்!"

"எழுதினீங்க. நர்ஸ் முகத்துல களை இல்ல, காவலாளி முழி சரியில்ல, கம்பவுண்டர் கஞ்சன். டாக்டர் மட்டும் 'தங்கமான மனுஷர்'. உங்க நாக்குல தங்கம்னு வந்தா ஏதோ கோளாறுன்னு எங்களுக்குத் தெரியாதா? என் தங்கச்சி புதுசா என்ன வாங்கினாலும் இதே வார்த்தையைத்தானே சொல்றீங்க?"

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்போ என் பச்சை நிறச் சேலை நல்லா இல்லையா?"

அன்று காலைச் சாப்பாடு கிடைக்கவில்லை.

மூன்றாவது வாரம் மாயாஜால நாவல். மகுடம் திருடுபோகிறது, சந்தேகம் ஐந்து பேர் மேல். விமர்சகர் கடையில் நிறம் அளப்பதைப் போலவே அளந்தார். ஆளுக்கு நாலே வரி. ஆளுக்கு ஒரு பாராட்டு, ஒரு குறை. அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

திங்களன்று கடையில், வீட்டுக்கு அடிக்க பெயின்ட் வாங்க வந்த ஒருவர் டப்பாவை வாங்கிக்கொண்டு குனிந்து கிசுகிசுத்தார். "மந்திரவாதிதானே சார்?"

"எப்படி?" விமர்சகரின் கையிலிருந்த குச்சி நீலத்துக்குப் பதில் மஞ்சளில் போய் விழுந்தது.

"மத்த நாலு பேருக்கும் உங்க வாக்கியம் தடதடன்னு ஓடுது. மந்திரவாதி வந்ததும் உடைஞ்ச கண்ணாடி மேல கால் வைக்கிற மாதிரி பயந்து பயந்து நடக்குது. அதை விடுங்க, முடிவு தெரிஞ்சுபோச்சு, புத்தகக் காசு மிச்சம். இது காயறதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

நான்காவது வாரம் மனிதர்களைப் பற்றியே எழுதுவதில்லை என்று முடிவெடுத்தார். தாள் வழவழப்பானது, எழுத்து கண்ணை உறுத்தவில்லை, அட்டையில் ஒரு மாடிப்படி, ஒரு விளக்கு, ஜன்னலுக்கு வெளியே மழை. முடிந்தது விமர்சனம்.

"குடை ரிப்பேர்காரன்," என்றார் மச்சான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மச்சான், அதுல ஆளே கிடையாது!"

"கடையில அந்த அட்டைப்படத்தை ஒட்டியிருக்காங்க மாப்ளே. மாடிப்படி இருக்கு, விளக்கு இருக்கு, மழை இருக்கு, படிக்கட்டுல ஒரு குடையும் இருக்கு. மழையை எழுதின மனுஷன் குடையை ஏன் முழுங்கினாரு? குத்தினது குடையாலதானே? பின்னட்டையில போட்டிருக்கிற ஆளுங்கள்ல குடையைத் தொடுறவன் அவன் ஒருத்தன்தானே?"

விமர்சகர் நாற்காலியில் உட்கார்ந்தார். குடையின் கூர்முனை அவர் விலாவிலேயே இறங்கியது போலிருந்தது.

ஆசிரியர் இந்தத் தடவை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கடைசி வாய்ப்பு," என்றார் மெதுவாக. "குறுக்கெழுத்துக்காரர் வந்து வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருக்காரு."

ஐந்தாவது நாவலுக்கு விமர்சகர் வாழ்க்கையில் செய்யாத காரியத்தைச் செய்தார். பொய் எழுதினார். அவர் படித்ததில் கொலை செய்து மாட்டியது வக்கீல். அவரோ தோட்டக்காரன் மேல் சந்தேகத்தை வாளி வாளியாகக் கொட்டினார். தோட்டக்காரனின் கண் சிவப்பு, கையில் அரிவாள், ராத்திரியில் தனியாகச் சிரிக்கிறான். எழுதியதை மனைவியிடம் காட்டினார்.

அவள் படித்துவிட்டு, "ஏங்க, வக்கீலா?" என்றாள்.

"உனக்கு யாரு சொன்னா?"

"ஒரு ஆளை நீங்க இப்படி மாட்டிவிடுறீங்கன்னா, பக்கத்துல நிக்கிற யாரையோ காப்பாத்துறீங்க. ஷூ வாங்கின விலையை மறைக்க, பஸ் டிக்கெட் விலை ஏறிடுச்சுன்னு அரை மணி நேரம் திட்டின ஆளுதானே நீங்க? நீங்க எழுதினதுல தோட்டக்காரன் பக்கத்துல எப்பவும் நிக்கிறது வக்கீல்தான்."

மாற்றி எழுத நேரமில்லை. ஞாயிறன்று அச்சில் வந்தது. மச்சான் அழைக்கவே இல்லை. "வக்கீல்" என்று ஒற்றை வார்த்தையைக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிட்டு, பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டிருந்தார்.

திங்கட்கிழமை விமர்சகர் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த புகைப்படத்தை நகத்தால் சுரண்டி எடுத்தார். பசை மட்டும் வர மறுத்தது. மனைவி பார்த்தும் பார்க்காதவள் போல, "மதியம் சீக்கிரம் வாங்க," என்றாள். அவள் குரலில் கேலி இல்லாததுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

கடை வாசலில் பதிப்பகத்தின் வேன் நின்றிருந்தது. புத்தகக் கட்டுகளைக் கொண்டுவரும் டிரைவர் ஒரு காகிதப் பொட்டலத்தோடு இறங்கினார்.

"கொண்டு போய்டுங்க," என்றார் விமர்சகர். "இனிமே எனக்குப் புத்தகம் வேண்டாம். உங்க முதலாளியம்மா முகத்துல எப்படி முழிப்பேன்? அவங்க பிழைப்பையே கெடுத்துட்டேன்."

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? அஞ்சு புத்தகமும் ரெண்டாவது அச்சு ஓடுது. பைண்டிங்ல ஆள் பத்தல, நானே நேத்து ஊசி நூல் பிடிச்சேன்."

"எல்லாருக்கும் முடிவு தெரிஞ்ச பிறகுமா?"

"தெரிஞ்சதாலதான் சார். நாம நினைச்சது சரிதானான்னு பார்க்கவே பாதிப் பேர் வாங்குறாங்க. மீதிப் பேரு, வாங்கினவங்க முகத்தைப் பார்த்துட்டு வாங்குறாங்க. முதலாளியம்மா உங்க ஆசிரியருக்குப் போன் பண்ணி, முழுப்பக்க விளம்பரம் தர்றேன், அந்தப் பத்தி மட்டும் நிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. குறுக்கெழுத்துக்காரர் வீட்டுக்குப் போயாச்சு."

விமர்சகரின் நெஞ்சு ஓர் அங்குலம் விரிந்தது. கடைக்குள்ளிருந்து முதலாளி காது கொடுத்துக் கேட்பதைக் கவனித்து, குரலைச் சற்று உயர்த்தினார்.

"அப்போ என் விமர்சனத்துல ஏதோ இருக்குன்னு அம்மாவுக்குப் புரிஞ்சிருக்கு."

"புரியாம? 'அந்த மனுஷனுக்கு மறைக்கத் தெரியாது, அவரை மாதிரி ஒருத்தர் கிடைக்க மாட்டார்'னு முதல் வாரமே சொன்னாங்க."

"ஆனா புத்தகத்தைப் படிச்சு முடிச்சவங்க? முடிவைக் கெடுத்துட்டேன்னு அவங்க என்னைத் திட்டலையா?"

"அவங்க வாயே திறக்கறதில்ல சார். திறந்தா கதை உடைஞ்சிடுமே."

விமர்சகர் சிரித்துக்கொண்டே பொட்டலத்தை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார். "இது கொஞ்சம் மெலிசா இருக்கே?"

"உங்களுக்கு எப்பவும் அப்படித்தான் சார், மாட்டினவன் இல்ல, வேற ஆள்னு தெரியுற கடைசி அத்தியாயத்தை உருவிட்டுத்தான் தைக்கணும்னு அம்மா உத்தரவு, இந்தக் கட்டையும் சேர்த்தா, உங்களுக்கு எங்ககிட்ட ஆறு நிஜக் குற்றவாளிங்க பாக்கி."