ரிசைன் கிராணி வைத்த பெயர்

பதவிக்காக அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விட்டெறிவதற்காகவே பதவி தேடியவர், கேமரன் மலை முழுவதற்கும், எங்கள் தேயிலைத் தோட்டத்து ரிசைன் கிராணி ஒருவர்தான்.

தோட்ட ஆபீசில் எனக்கு மேல் குமாஸ்தா; கிராணி என்றால் அதுதான். சுண்டலில் உப்புக் கூடியதற்காகக் கோயில் கமிட்டியை விட்டார். கோல் கம்பம் கோணலாக இருந்ததற்காகப் பந்து கிளப்பை விட்டார். சொந்தக் கல்யாணத்திலேயே மச்சானுக்கு முதல் இலை போட்டார்கள் என்று "நான் ரிசைன்!" என எழுந்தவரை, மணப்பெண்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தாராம்.

எண்பதுகளின் தொடக்கத்தில், தாப்பா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தேயிலை லோரியிலேயே ஒரு பெண்ணுக்குப் பிரசவமாகிவிட்டது. நோயாளி வண்டி வேண்டும் என்று தோட்டமே துடித்தது. ரிங்லெட் ஊர்க் காய்கறி வியாபாரி, எல்லோருக்கும் 'தவுக்கே', அதாவது முதலாளி, தன் வேனைத் தர முன்வந்தார். நாங்கள் யோசனை கேட்ட ஈப்போ வக்கீலோ, "நன்கொடை வாங்குவதானால் லாபம் பிரிக்காத தர்மக் கம்பெனியாகப் பதியுங்கள். பெயரையும் நிர்வாகிகளையும் முதலில் முடிவு பண்ணுங்கள்" என்றார்.

கோயில் மண்டபத்தில் கூட்டம். தவுக்கே வேன் சாவியை மேசைமேல் வைத்தார்.

"பேரு எங்கப்பா பேரு. தலைவர் நான்தான், உசுரு இருக்கிற வரைக்கும்."

கிராணி எழுந்தார். ரிசைன் பண்ண இன்னும் பதவியே கிடைக்கவில்லையே என்று பதறினேன்.

"மனுசன் பேரே வேணாம்லா. 'மலை உதவி'ன்னு வைப்போம். தலைவரோ செயலாளரோ, யாரா இருந்தாலும் ரெண்டு வருசம். அப்புறம் எறங்கணும்."

"ஒரு கமிட்டியில ஒரு மாசம் தாங்கியிருக்கியா நீ?" என்றார் தவுக்கே.

"அதான் சொல்றேன். எறங்குறது எப்படின்னு இங்க எனக்குத்தான் தெரியும்."

மண்டபம் சிரித்தது. தவுக்கே சிரிக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். வேன் உறுமியது.

"கெடுத்துட்டியே கிராணி!" என்று தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து ஆட்கள் அவர் சட்டையைப் பிடித்தார்கள். உதறிவிட்டு ஓடி, பனிமூட்டத்தில் வேனுக்கு முன்னால் நின்றார்.

"தவுக்கே, உங்கப்பா பேரைப் போட்டா, உங்ககிட்ட சண்டை போட்டவன் இதுல ஏறமாட்டான். ரோசம் பாத்து பொண்டாட்டிய லோரியிலதான் ஏத்துவான். அது அப்பாவுக்குப் பெருமையா?"

எஞ்சின் நின்றது. தவுக்கே சாவியோடு இறங்கி வந்தார்.

'மலை உதவி' பதிவானது. முதல் தலைவர் தவுக்கே, செயலாளர் கிராணி. ஒருநாள்கூட அவர் ரிசைன் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு வருசக் கெடு முடிந்ததும் விதிப்படி இருவருமே இறங்கினார்கள்.

மறுநாள் காலைக் குளிரில் கிராணி வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதான் எறங்கியாச்சே அண்ணே?"

"நாற்காலியில இருந்துதான்லா எறங்குனேன்."

நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டேன்.