அசல் ஆளுங்க எங்க?

தேதியையும் கிழமையையும் பிசகாமல் சொல்லத் தெரிந்தவனுக்கு ஒரு வியாதி வரும்: மற்றதெல்லாமும் தனக்குத் தெரியும் என்று நம்பிவிடுவான். எனக்கு அது முற்றியிருந்த சமயத்தில் காதர் பாயின் வழக்கு வந்தது.

மயிலாப்பூரில் எங்கள் தெருக்கோடியில் பாய்க்குப் பை தைக்கும் பட்டறை. தைப்பவர்களில் பாதிப் பேருக்குக் காது கேட்காது. அவர்கள் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு பாய்க்கு மானியமாகத் தரும். இது மற்ற முதலாளிகளுக்கு அநீதி, நிறுத்துங்கள் என்று போட்டிக்காரர் ஒருவர் உயர்நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். மானியம் நின்றால், அத்தனை பேரையும் பாயால் வைத்துக்கொள்ள முடியாது.

பாயின் பதில் மனுவை ஆங்கிலமாக்கும் வேலையை நானே வலியப் போய் வாங்கிக்கொண்டேன். (யாரும் கேட்கவில்லை.)

"டிசேபிள்டுன்னே போட்டுடுங்க சார், கோர்ட்டுக்குப் புரியும்" என்றார் பாயின் வக்கீல் நித்யா.

எனக்கு மனசு வரவில்லை. 'மாற்றுத்திறனாளி' எத்தனை அழகான சொல்! 'மாற்று' என்றால் ஆல்டர்நேட். ஆகவே, 'ஆல்டர்நேட் ஒர்க்கர்ஸ்.' (அன்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.)

"இன்னா சார், ஒரு வார்த்தைக்கா இம்மாம் நேரம்?" என்று பாய் நச்சரித்தும், மெருகேற்றிக் கடைசி நிமிடத்தில்தான் கொடுத்தேன். நித்யாவுக்குப் படித்துப் பார்க்க நேரமில்லை.

நீதிபதி பக்கத்தைப் புரட்டினார். "யாரு இந்த ஆல்டர்நேட் ஒர்க்கர்ஸ்? யாருக்கு பதிலா வேலை செய்யறாங்க?"

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். "பதில் ஆள் வெச்சு மானியம் வாங்கறாங்க, மை லார்ட். அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க."

"அப்ப அசல் ஆளுங்க எங்க?"

நித்யா வாய் திறப்பதற்குள், பின்வரிசையிலிருந்து நான் எழுந்து அந்தச் சொல்லின் வரலாற்றைத் தொடங்கிவிட்டேன்.

"நீங்க யாரு?"

"மொழிபெயர்ப்பாளன், ஐயா."

"அசலா, ஆல்டர்நேட்டா?"

கோர்ட்டே சிரித்தது. திருத்திய மனு வரும்வரை பாய்க்கு மானியம் இல்லை என்று உத்தரவானது.

வராந்தாவில் பாய் என்னைப் பார்த்தார். "கேஸு போட்டவனே இவ்ளோ சீக்கிரம் நிறுத்தியிருக்க மாட்டான் சார்."

நித்யா அந்த ஒரு சொல்லைத் திருத்திக் கொடுத்ததும் மானியம் திரும்ப வந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. பட்டறையில் எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் அந்த மாதச் சம்பளம் தாமதமாயிற்று. அங்கே துணி வெட்டும், காது கேளாத ஸ்டெல்லா, என் வணக்கத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கோபம் தணிந்தபின் அவளே எனக்கு, அவர்கள் ஒருவரைக் கையாலேயே குறிப்பிடும் சைகைப் பெயர் ஒன்றை வைத்தாள். இடது கையை இழுத்துவிட்டு அதே இடத்தில் வலது கையை வைப்பது. ஒரு மொழியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பவன்! நெகிழ்ந்துபோனேன். புதிதாகச் சேர்பவர்களிடம் நானே அந்தச் சைகையோடு என்னை அறிமுகம் செய்துகொள்வேன். அவர்களும் அபாரமாகச் சந்தோஷப்படுவார்கள்.

வெகுநாள் கழித்துத்தான் பாய்க்கு மனசு கேட்கவில்லை. "சார், போலிப் பை வந்தா இவங்க காட்டுற சைகை அது. டூப்ளிகேட்டுன்னு அர்த்தம்."

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் என்னோடு யாரும் வாய்ச்சண்டைக்கு வருவதில்லை. என் மனைவி ஸ்டெல்லாவிடம் போய் அந்தச் சைகையைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள்.